ஆயா தூங்கிய பக்கங்கள்: ஃபேன்டஸி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் ஃபேன்டஸி நாவல் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் நான் நிரப்பியது ஒரு நோட்டைத்தான். ஏழு நாடுகள், நானூறு வருட அரச பரம்பரை, மூன்று நிலா, அந்த மூன்றுக்கும் தோதாக ஒரு பஞ்சாங்கம். தருமபுரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆயாவிடம் எல்லாவற்றையும் பெருமையாக விவரித்தேன். கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்ட ஆயா, "சரி சாமி, அந்த ஊர்ல யாருக்கு என்ன கஷ்டம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த வகை எழுத்தில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். உலகத்தை முழுசாகக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் அதற்குள் குடிவைக்க ஒரு கதையைத் தேடுகிறார்கள். வரைபடம் போடுவது சுகமான வேலை, யாரும் தப்புச் சொல்ல முடியாது. அதனாலேயே அதில் வருடங்கள் ஓடிவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பாறை மேல் கல்திட்டைகள் இருக்கின்றன. சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரே மூடுகல். பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. தொல்லியல்காரர்கள் அதை இடுதுளை என்பார்கள், இறந்தவர்களுக்காக எழுப்பிய சின்னம் என்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட கல்திட்டைகளைக் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்று சொல்வது நம் பெரியவர்களின் வழக்கம். குள்ளர் எங்கிருந்து வந்தார்கள் என்று யோசித்தேன். அந்தத் துளை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்! வாசல் இவ்வளவு சின்னது என்றால் உள்ளே இருந்தவரும் குள்ளமாகத்தானே இருக்க முடியும். அப்படியானால் அத்தனை பெரிய மூடுகல்லைத் தூக்கியது யார்? குள்ளர்தான், ஆனால் அசுர பலம். கண்ணால் பார்த்த ஒரு ஓட்டையிலிருந்து ஒரு இனமே பிறந்துவிட்டது. என் ஏழு நாடுகளில் ஒன்றில்கூட இப்படி ஒரு ஓட்டை இல்லை.

அடுத்தது, மாயத்துக்கு விலை வைக்காமல் விடுவது. எங்கள் தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புறநானூற்றின் 91ஆம் பாட்டைக் கதை எழுதுகிறவன் கண்ணோடு படித்தால் வேறு விஷயங்கள் தட்டுப்படும். கனி இருந்தது ஏறுவதற்கு அரிய மலைப்பிளவின் உச்சியில். அதைத் தின்றால் என்ன ஆகும் என்பதைத் தன் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான். வாங்கிக்கொண்ட ஔவை, நீலகண்டனைப் போல நீ நிலைத்திரு என்று அவனை வாழ்த்துகிறாள். சரி, இப்போது 235ஆம் பாட்டுக்குப் போங்கள். அதியமான் மார்பில் வேல் பாய்ந்து செத்துவிட்டான், ஔவை இருந்து அழுகிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மலையில் ஒரு கூடை நெல்லிக்கனி கிடைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

என் நாவலின் நாயகியிடம் எந்தக் காயத்தையும் ஆற்றும் கை இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் யார் கத்தியை உருவினாலும் பயம் வரவில்லை, எழுதிய எனக்கே வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ஒவ்வொரு காயம் ஆறும்போதும் அவள் பார்வை கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம், இன்றைக்கு வாசலில் ஒருவன் ரத்தம் வழியக் கிடக்கிறான். அதற்கு மேல் நான் எதையும் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை.

விளக்கிக் கொட்டுவது இன்னொரு வியாதி. முதல் பத்துப் பக்கத்தில் யார் யாருக்கு எந்தத் தலைமுறையில் பகை என்று பாடம் நடத்துவோம். இதற்கு மருந்து தெருக்கூத்தில் இருக்கிறது. ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவரை நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று குடைவான். சொல்லவேண்டிய வரலாறு எல்லாம் அங்கே வந்துவிடும், ஆனால் சண்டையும் கிண்டலுமாக வரும். ஒரு பாத்திரத்துக்குத் தெரியாததை அவன் பிடிவாதமாகக் கேட்கட்டும், மற்றவன் கொஞ்சம் மறைக்கட்டும். வாசகர் தானாகக் காதைத் தீட்டிக்கொள்வார்.

பேச்சு மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். "யாரங்கே!" என்று எழுதக் கை வந்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பெயர்கள் வேறு கதை. வாயில் நுழையாத சமஸ்கிருதக் கோவையாக ஆறு பேருக்கு வைத்து, ஆறும் 'வ'வில் தொடங்கினால் வாசகர் யாரை நினைவில் வைப்பார்? ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல். அருவியின் சாரல் புகையாய் எழுவதைப் பார்த்தவர் வைத்த பெயர் அது. கன்னடப் பெயர், தமிழ்நாட்டு ஊர் என்பதையும் கவனியுங்கள். ஓசூர்ச் சந்தையில் ஒரே பேரத்துக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புகுந்து புறப்படும். நானோ ஏழு நாட்டுக்கும் ஒரே மொழியைக் கொடுத்து, எல்லையில் இருப்பவர்களையும் செய்தி வாசிப்பவர் போலப் பேசவிட்டிருந்தேன்.

இரவல் சாமான்களையும் குறைக்கலாம். பனிக்காடு, கணப்படுப்பு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் விற்கும் சத்திரம். பனியைத் தொட்டே பார்க்காதவன் எழுதும் பனி, சினிமா பனியாகத்தான் இருக்கும். டிராகனே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக்குக் காவலாகப் பரண்மேல் விழித்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். முதலில் தட்டை முறியும் சத்தம், அப்புறம் வாடை, அப்புறம் இருட்டிலேயே இன்னும் கறுப்பாக ஒரு திட்டு. டார்ச் அடிக்கலாமா வேண்டாமா என்ற அந்த ஒரு நொடி. அதைத் தெரிந்துகொண்டு பரணுக்குக் கீழே டிராகனை நிறுத்துங்கள், நான் நம்புகிறேன்.

எழுதியதை வாய்விட்டுப் படிக்காமல் இருப்பதையும் தவறுகளின் கணக்கில்தான் சேர்ப்பேன். நான் இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆயாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் கண்ணசந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. காலையில் அந்தப் பகுதியை எடுத்துவிடுவேன். போன வாரம் படித்த நாலாம் அத்தியாயத்தில் மூன்று கோடு விழுந்தது. மூன்றும் நோட்டிலிருந்து மனசு கேட்காமல் நான் கொண்டுவந்து சொருகிய அரச பரம்பரை.