பக்கத்து வீட்டு சிகரெட் புகை: ஓட்டையைத் தேடி அடைப்பது எப்படி?

ராத்திரி ஆனால் போதும், எங்கள் படுக்கையறையில் சிகரெட் வாடை. வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் படுப்பேன். வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் சாத்தியிருந்தால் சுவரின் இண்டு இடுக்கு வழியாக வரும். கரண்டு செலவழித்து பக்கத்து வீட்டுக்காரரின் புகையை நானே உறிஞ்சியிருக்கிறேன்!

முதலில், அதே தப்பை வேண்டுமென்றே செய்யுங்கள். வாசற்கதவு, ஜன்னல் சாத்தி, பாத்ரூம் கதவை மட்டும் திறந்து வைத்து, சீலிங் ஃபேனை நிறுத்தி, எக்ஸாஸ்டைப் போடுங்கள். கேஸ் அடுப்பு, ஹீட்டர் எரியும்போது வேண்டாம். ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக மெதுவாக நகர்த்துங்கள் (திரைச்சீலை ஜாக்கிரதை). புகை நேராக எழும்பினால் சரி. அறைப்பக்கமாகச் சாய்ந்தால் அங்கே ஓட்டை. சிங்குக்கு அடியில் குழாய் நுழையும் இடம், ஏசி குழாய்த் துளை, வாசற்கதவின் அடி, எல்லாவற்றையும் பாருங்கள். நான் அதையெல்லாம் பார்த்துவிட்டு, கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயின்டை விட்டுவிட்டேன். மூன்றாம் முறை அங்கே காட்டியதும் புகை அப்படியே என் முகத்தில் அடித்தது. சுவரின் மறுபக்கம் அவர்கள் வீட்டுப் பிளக் பாயின்ட், முதுகோடு முதுகாக.

அடுத்தது அடைப்பது. மெயினை அணைத்துவிட்டுத்தான் பிளேட்டைக் கழற்ற வேண்டும். பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவே சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை), பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் கேஸ்கெட் (காற்றை அடைக்கும் மெத்தென்ற தகடு). பாக்ஸுக்குள் எதையும் திணிக்காதீர்கள்; வயர் வரும் பைப்பை அடைப்பது எலக்ட்ரீஷியன் வேலை. என்னைக் கேட்டால், காய்ந்த இடத்துக்கு அக்ரிலிக் சீலன்ட்தான். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. அது சிங்குக்கு அடியில் போதும். கேஸ் எரியும் அறையின் காற்றோட்டத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

ஏர் பியூரிஃபையர்? ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் வாடை என்பது வாயு. அதற்குக் கனமான ஆக்டிவேட்டட் கார்பன் (வாயுவை ஈர்த்துப் பிடிக்கும் கரி) வேண்டும். கறுப்புத் துணி மாதிரி மெல்லிசாக வருவது சீக்கிரமே செத்துவிடும். ஓசோன் மெஷின் பக்கமே போகாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல்.

இவ்வளவு செய்தாலும் முழுதாக நிற்காது. அடுத்தவர் சிகரெட் புகையைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை, காற்றோட்டத்தாலும் முழுதாகத் தீராது என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் (அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர்) 2006 அறிக்கையே சொல்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசினேன். "ஜன்னல் பக்கம் நின்னுதான சார் பிடிக்கிறேன்" என்றார் அப்பாவியாக. ஊதுபத்தியோடு கூப்பிட்டுக் காட்டியதும் மாடிக்குப் போய்ப் பிடிக்க ஆரம்பித்தார். அதுவும் பாதி நாட்கள்தான்.

பிற்சேர்க்கை: எல்லாம் அடைத்தும் பாத்ரூமில் வாடை வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஃபேன் பொது ஷாஃப்டில் (பல வீட்டுக் காற்றும் போய்ச் சேரும் செங்குத்தான வழி) திறந்தால், அதை நிறுத்தியதும் அடுத்தவர் காற்று திரும்ப வரும். நிறுத்தியவுடன் தானாக மூடிக்கொள்ளும் மடல் உள்ள ஃபேனாக மாற்றுங்கள். ஃபேனை ஓடவிடும்போது ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.