விண்டோஸ் 7-இல் அப்டேட் வேலை செய்யவில்லையா? வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை

என் மேசையில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அதில் ஓடுவது விண்டோஸ் 7. இன்னும் எதற்காக அதைக் கட்டி அழுகிறாய் என்று கேட்பவர்களிடம் என் ஸ்கேனரைக் காட்டுவேன். அதற்கான டிரைவர் விண்டோஸ் 7-உடன் நின்றுவிட்டது. ஸ்கேனர் இன்னும் நிற்கவில்லை.

சென்ற மாதம் அந்தக் கணினியின் வட்டு பழுதாகிவிட்டது. புதிய வட்டில் விண்டோஸை முதலிலிருந்து நிறுவினேன். அதில் சிக்கல் ஏதும் இல்லை. பிறகு விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, தேடும் பொத்தானை அழுத்தினேன். சிவப்புக் கேடயமும் ஒரு பிழை எண்ணும் வந்து நின்றன: 80072இஎஃப்இ. இதைத் தீர்க்க மூன்று மாலைகள் ஆயின. உண்மையில் இது ஒரு மாலை வேலைதான். மற்ற இரண்டும் வரிசை தெரியாமல் செய்ததற்கு நான் கட்டிய அபராதம். நீங்கள் கட்ட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்வோம். விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு 2023 ஜனவரி 10 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்தன. நமக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் 2020 ஜனவரி வரை வெளியானவையே. இதையெல்லாம் செய்து முடித்தாலும் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்துவிட்டு வாருங்கள்.

படி 1: தேதியைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். நான் முதல் மாலையில் பாதியை இதில்தான் தொலைத்தேன். திரையின் கீழ்ப்பட்டையில் சிறிய ஐகான்களை வைத்துக்கொள்வது என் பழக்கம். அப்படி வைத்தால் மூலையில் மணி மட்டும் தெரியும், தேதி தெரியாது. மணி ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஆண்டோ 2009!

பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை நம்பி நடக்கிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2009-இல் நின்றுகொண்டிருந்தால், அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. எனவே எல்லாவற்றையும் மறுத்துவிடும். உங்களுக்கு வரும் பிழை எண் 80072எஃப்8எஃப் என்று முடிந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் தேதியையும் நேர மண்டலத்தையும் பாருங்கள்.

திருத்திய தேதி, கணினியை அணைத்துப் போட்டதும் மீண்டும் பின்னோக்கி ஓடினால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை. மாற்றிவிடுங்கள்.

படி 2: உங்களிடம் இருப்பது எது?

ஸ்டார்ட் மெனுவில் "கம்ப்யூட்டர்" மேல் வலது சொடுக்கு, பிறகு "ப்ராப்பர்ட்டீஸ்". அங்கே இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, 32 பிட்டா 64 பிட்டா. இன்னொன்று, "சர்வீஸ் பேக் 1" என்ற சொற்கள் இருக்கின்றனவா. நான் காகிதத்தில்தான் எழுதுவேன். நடுவில் நான்கு முறை மறுதொடக்கம் ஆகும் கணினியின் திரையிலேயே குறிப்பு வைத்துக்கொள்வது எனக்குச் சரிப்படவில்லை.

அதுவரை வந்த திருத்தங்களை மொத்தமாகச் சேர்த்த சர்வீஸ் பேக் 1 வெளியானது 2011 பிப்ரவரியில். பழைய நிறுவல் வட்டுகள் பலவற்றில் அது இருக்காது. என்னுடையதிலும் இல்லை.

படி 3: கோப்புகளை வேறு கணினியில் இறக்குங்கள்

விண்டோஸ் 7-உடன் வரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ஐ வைத்துக்கொண்டு போராட வேண்டாம். இன்றைய இணையதளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பான இணைப்பு முறை அதில் இயல்பாக இயங்குவதில்லை. நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தைத் திறந்து, கீழ்க்கண்ட எண்களை (ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் "கேபி" எண்) தேடி, பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்:

கேபி976932 – சர்வீஸ் பேக் 1 (ஏற்கெனவே இருந்தால் தேவையில்லை)
கேபி4490628 – புதுப்பிப்புகளை நிறுவும் பொறியின் புதிய வடிவம்
கேபி4474419 – ஷா-2 என்ற புதிய வகை மின்னணுக் கையொப்பத்தைப் படிக்கும் திறன்
கேபி3020369, கேபி3125574 – பின்னால் விளக்குகிறேன்

தேடினால் ஒரே எண்ணுக்குப் பல வரிகள் வரும். விண்டோஸ் 7 என்ற பெயரும் உங்கள் பிட் எண்ணும் உள்ள வரியை எடுங்கள். "இட்டானியம்" என்று இருப்பது முற்றிலும் வேறு வகைச் செயலிக்கானது. 64 என்ற எண்ணைப் பார்த்ததும் அதை இறக்கிவிடாதீர்கள். கேபி4474419 ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்தி வெளியிடப்பட்டது. 2019 செப்டம்பரைச் சேர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சரிசெய்யும்" என்று சொல்லிக்கொண்டு திரியும் மென்பொருள்களை நான் தொடுவதில்லை. ஏற்கெனவே பாதுகாப்பு குறைந்த கணினி. அதற்குள் ஊர் பேர் தெரியாத ஒன்றை நிர்வாகி உரிமையோடு அழைத்து உட்கார வைப்பானேன்? ஐந்து கோப்புகள், ஒரு பென் டிரைவ். இதற்கு இடைத்தரகர் வேண்டாம்.

இந்த வரிசை ஏன்?

மைக்ரோசாஃப்ட் தன் புதுப்பிப்புகள் ஒவ்வொன்றிலும் மின்னணுக் கையொப்பம் இடுகிறது. முன்பு அதற்கு ஷா-1 என்ற கணக்கு முறையும் பயன்பட்டது. 2017-இல் ஆய்வாளர்கள் ஒரே ஷா-1 முத்திரை கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். இரண்டு பேருக்கு ஒரே கைரேகை என்றால் கைரேகையால் என்ன பயன்? 2019-இல் விண்டோஸ் 7-க்கான புதுப்பிப்புகளும் அதைவிட வலுவான ஷா-2-க்கு மாறின. 2020-இல் ஷா-1-ஐ மட்டும் அறிந்த பழைய கணினிகளுக்கான அப்டேட் சேவை வாசலும் மூடப்பட்டது.

இப்போது புதிதாக நிறுவிய விண்டோஸ் 7-இன் நிலையை யோசித்துப் பாருங்கள். ஷா-2-ஐக் கற்றுக்கொள்ளப் புதுப்பிப்பு வேண்டும். அந்தப் புதுப்பிப்பைக் கேட்கப் போகும் வாசலில் ஷா-2 தெரிந்தால்தான் அனுமதி. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை. இந்த நிலையில்தான் 80072இஎஃப்இ வருகிறது. இணைப்புக் கோளாறு என்று நினைத்து நான் ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். அது பாவம், ஒன்றும் செய்யவில்லை.

படி 4: நிறுவுதல் (நான் விழுந்த பள்ளம்)

வரிசை: முதலில் சர்வீஸ் பேக் 1, மறுதொடக்கம். பிறகு கேபி4490628. பிறகு கேபி4474419, மீண்டும் மறுதொடக்கம்.

நான் முதலில் சர்வீஸ் பேக்கை விட்டுவிட்டு நேராக கேபி4474419-ஐச் சொடுக்கினேன். "இந்தப் புதுப்பிப்பு உங்கள் கணினிக்குப் பொருந்தாது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. சரி, தேவையில்லை போலிருக்கிறது என்று நகர்ந்துவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். இப்போதைய நிலையில் அதை ஏற்க முடியாது என்பதே அதன் பொருள். சர்வீஸ் பேக் இல்லாவிட்டாலும் அதே செய்தி வரும், பிட் எண் மாறிய கோப்பை எடுத்திருந்தாலும் அதே செய்தி வரும்.

அடுத்த பள்ளம் இன்னும் ஆழம். கோப்பை இருமுறை சொடுக்கியதும் ஒரு சிறு சாளரம் திறந்து, இந்தக் கணினியில் புதுப்பிப்புகளைத் தேடுவதாகச் சொன்னது. பச்சைப் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், ஓடுகிறது. தூங்கி எழுந்து பார்த்தேன், அப்போதும் ஓடுகிறது.

காரணம் எளிது. கையால் இறக்கிய கோப்பை நிறுவுவதும் அதே விண்டோஸ் அப்டேட் சேவைதான். அந்தச் சேவை பின்னணியில் தானாக ஒரு தேடலைத் தொடங்கியிருந்தால், நம் கோப்பு அதன் பின்னால் வரிசையில் நிற்கும். அந்தத் தேடலோ முடிகிற வழியாக இல்லை. எனவே இப்படிச் செய்யுங்கள்:

இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குவது உத்தமம்.

கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அப்டேட் அமைப்புகளைத் திறந்து, "நெவர் செக் ஃபார் அப்டேட்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தேடல் இப்போதுதான் ஒழியும்.

இணைப்பு இல்லாமலேயே கோப்பைச் சொடுக்குங்கள்.

முந்தைய இரவு முழுவதும் முடியாத வேலை ஓரிரு நிமிடங்களில் முடிந்தது. மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தன் கணினியில் எந்தக் கோப்பும் நிறுவப்படவில்லை, 80070422 என்ற பிழை வருகிறது என்று எழுதினார். விசாரித்ததில், தேடலை நிறுத்துவதற்காக விண்டோஸ் அப்டேட் சேவையையே "டிசேபிள்டு" என்று முடக்கி வைத்திருக்கிறார். அப்படிச் செய்தால் நிறுவ ஆள் இருக்காது. தேடலைத் தடுக்க வேண்டும், சேவையை முடக்கக் கூடாது. கண்ட்ரோல் பேனலில் "அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ்", அதற்குள் "சர்வீசஸ்" சென்று, அந்தச் சேவையை "மேனுவல்" நிலையில் வைத்ததும் அவருக்குச் சரியாகிவிட்டது.

படி 5: பெரிய மூட்டை

இது கட்டாயமில்லை, ஆனால் நான் செய்வேன். கேபி3125574 என்பது சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்த திருத்தங்களில் பெரும்பாலானவற்றை ஒன்றாகக் கட்டிய மூட்டை. 64 பிட்டுக்கு ஏறக்குறைய 477 எம்பி. அதற்கு முன்நிபந்தனையாக கேபி3020369 சொல்லப்பட்டிருக்கிறது. எனவே அது முதலில், மூட்டை அடுத்து. இரண்டையும் மேலே சொன்ன அதே முறையில், இணைப்பு இல்லாமல் நிறுவுங்கள். இந்த மூட்டை உள்ளே போய்விட்டால் பிறகு வரும் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

படி 6: இப்போது தேடுங்கள்

கேபிளை மாட்டி, அமைப்பில் "தேடு, ஆனால் இறக்குவதையும் நிறுவுவதையும் நான் முடிவு செய்கிறேன்" என்ற பொருளுள்ள தேர்வை வைத்து, தேடலைத் தொடங்குங்கள். எனக்கு முதல் பட்டியல் வர இருபது நிமிடங்கள் ஆயின. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுவாதீர்கள். இருபது இருபதாக எடுத்து, ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் செய்யுங்கள். ஏதாவது ஒன்று தோற்றால், ஒரேயடியாக நிறுவியவர் எல்லாவற்றையும் திரும்ப அவிழ்க்க வேண்டியிருக்கும். நாம் இருபதுக்குள் தேடினால் போதும். வட்டில் தாராளமாக இடம் இருக்கட்டும். மறுதொடக்கத்தின்போது 35 சதவீதத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்றினாலும் மின்பொத்தானில் கை வைக்காதீர்கள்.

தேடலே மீண்டும் மீண்டும் தோற்றால், இறக்கி வைத்த கிடங்கு கெட்டுப்போயிருக்கலாம். "சர்வீசஸ்" சாளரத்தில் விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்" என்ற கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். அழிக்க வேண்டாம், இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு அழித்துக்கொள்ளலாம். சேவைகளை மீண்டும் தொடங்கினால் விண்டோஸ் புதிய கோப்புறையை உருவாக்கிக்கொள்ளும்.

இப்படிச் செய்ததும் புதுப்பிப்பு வரலாறு காலியாகிவிடும். அதைக் கண்டு பதறி ஒருவர் எனக்கு நள்ளிரவில் எழுதினார். போனது பேரேடு மட்டும்தான், சரக்கு அல்ல. கண்ட்ரோல் பேனலில் "ப்ரோக்ராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்" சென்று நிறுவப்பட்ட புதுப்பிப்புகளைப் பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும்.

உலாவியைப் பற்றிப் பலர் கேட்டார்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109. நான் ஃபயர்பாக்ஸின் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) வடிவத்தை வைத்திருக்கிறேன். அதுவும் ஸ்கேனரின் கையேட்டைப் படிக்க மட்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: எல்லாம் முடிந்த பிறகு திரையின் பின்னணிப் படம் கறுப்பாகிவிட்டது, வைரஸா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வைரஸ் இல்லை. 2020 ஜனவரியில் வந்த கேபி4534310-இன் அறியப்பட்ட கோளாறு அது. பின்னணிப் படத்தை "ஸ்ட்ரெட்ச்" என்று வைத்திருந்தால் மட்டும் வரும். "ஃபில்" என்று மாற்றினால் படம் திரும்பிவிடும். இல்லையென்றால் கேட்டலாகிலிருந்து கேபி4539602-ஐ இறக்கி நிறுவுங்கள். இதற்கும் படி 4-இன் இரண்டு கோப்புகளும் முன்பே உள்ளே இருக்க வேண்டும்.