எச்.ஐ.வி பரிசோதனை: எத்தனையாம் நாளில் வரும் முடிவை நம்பலாம்?

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவேயில்லை. மனம் பதறும்தான். முதலில் அது நடந்த திகதியை எழுதி வையுங்கள். எல்லாக் கணக்கும் அந்தத் திகதியிலிருந்துதான் தொடங்கும். உதாரணத்துக்கு ஏப்ரல் 14 என்று வைத்துக்கொள்வோம்.

1. 72 மணித்தியாலம் கடக்கவில்லையா?
அப்படியென்றால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். தொற்றைத் தடுக்க 28 நாள் எடுக்கும் மாத்திரைகள் உண்டு. முந்தித் தொடங்கினால்தான் பலன் கூட. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை, அம்பாறையிலும் எஸ்.ரி.டி. கிளினிக் (பாலியல் நோய்களுக்கான சிகிச்சை நிலையம்) இருக்கிறது. இலவசம், விபரம் இரகசியமாக இருக்கும். மட்டக்களப்பில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்று பயமா? கல்முனைக்கு பஸ் ஏறுங்கள், ஆனால் போகாமல் இருக்காதீர்கள். இரவு, விடுமுறை நாள் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள்.

2. எந்தப் பரிசோதனை என்று கேளுங்கள்
வைரஸ் உள்ளே வந்த மறுநாளே எந்தச் சோதனையிலும் தெரியாது. அது பெருகிய பிறகு வைரஸின் பி24 என்ற புரதம் இரத்தத்தில் தென்படும். அதற்கும் பிறகுதான் உடல், வைரஸை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கும். இப்படித் தெரியாமல் இருக்கும் நாட்கள்தான் சாளரக் காலம்.

கையில் இரத்தம் எடுத்து, ஆய்வுகூடத்தில் பி24, பிறபொருளெதிரி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். நம் உதாரணத்தில் 45ஆம் நாள் மே 29. விரலில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனைக்கு 90 நாள், அதாவது ஜூலை 13 வரை பொறுக்க வேண்டும். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் சோதனை 10 முதல் 33 நாட்களில் காட்டும். ஆனால் அதை எல்லோருக்கும் செய்வதில்லை.

3. இடையில் 'நெகட்டிவ்' வந்தால்
முதல் வாரத்திலேயே சோதித்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அந்த முடிவு ஏப்ரல் 14க்கு முந்திய நிலையைத்தான் சொல்கிறது. உரிய நாளில் திரும்பச் சோதியுங்கள், அதுவரை ஆணுறை அவசியம். தடுப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு முடிவு பிந்தலாம். எந்த நாளில் சோதிப்பது என்று அவர்கள் வைத்தியரிடமே கேட்க வேண்டும். இடையில் மறுபடி அப்படி நடந்தால் கணக்கும் புதிதாகத் தொடங்கும்.

சோதித்துப் பார்க்கும் நோக்கத்தில் இரத்ததான முகாமுக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். சாளரக் காலத்து இரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டுவிடலாம்.

4. 'ரியாக்டிவ்' என்று வந்தால்
தொற்று இருக்கலாம் என்று சோதனை காட்டுகிறது என்பதே அதன் பொருள்; அது இறுதி முடிவல்ல. 1000 பேரில் ஒருவருக்குத்தான் தொற்று, தொற்று இல்லாத 1000 பேரில் 5 பேருக்குச் சோதனை தவறாக ரியாக்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியாக்டிவ் வரும் சுமார் 6 பேரில் ஒருவருக்கே உண்மையில் தொற்று இருக்கும். இலங்கையில் தொற்று குறைவு என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். ஆகவே வேறு சோதனைகளால் உறுதிப்படுத்துவார்கள்.

உறுதியானாலும் சிகிச்சை இலவசம். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைத் தொடர்ந்து காப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவாது.