துப்பாக்கிப் பள்ளியில் சேரும் முன் ஒரு மணி நேரம் பின்னால் நின்று பாருங்கள்

டாலஸ் பக்கம் நம் ஆட்கள் வீட்டு பார்பிக்யூவில் கிரிக்கெட்டும் வீட்டுக் கடன் வட்டியும் பேசி முடித்ததும், யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: “அண்ணே, கன் க்ளாஸ் போகணும்னு இருக்கேன், எது நல்ல இடம்?” பெயர் சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் சொல்வேன். அதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். டெக்சாஸை வைத்து எழுதியது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் சட்டப் பகுதியை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிப் படிக்கவும்.

படி 1: முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. சொந்தமாக வாங்குவதற்கு மட்டும்தான் தடை என்று நினைக்காதீர்கள். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் சேரும். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. சில விதிவிலக்குகள் வேறும் உண்டு. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. குடியேற்றக் கோப்பும் அத்தோடு போச்சு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இரண்டுக்கும் நடுவில் காத்திருப்பவர்கள் வக்கீலிடம் கேட்காமல் ரேஞ்ச் வாசலை மிதிக்க வேண்டாம்.

இதிலேயே பள்ளிக்கும் ஒரு பரீட்சை இருக்கிறது. போன் செய்து, “நான் எச்1பி, வரலாமா?” என்று கேளுங்கள். “அதெல்லாம் பரவாயில்லை, வாங்க” என்று சொல்லும் பள்ளியை அங்கேயே விட்டுவிடலாம். சட்டத்தில் மெத்தனமாக இருப்பவர் பாதுகாப்பில் மட்டும் கறாராக இருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

படி 2: எந்த வகுப்பு என்று தெளிவாகுங்கள்

டெக்சாஸில் ‘எல்டிசி வகுப்பு’ என்று பலகை தொங்கும் இடமெல்லாம் சுடக் கற்றுத்தரும் இடம் அல்ல. எல்டிசி என்பது துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான உரிமம். வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், பெரும்பாலும் சட்டம். சுடும் தேர்வில் மொத்தம் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஆள் உயரக் காகித இலக்கு, அதுவும் இவ்வளவு பக்கத்தில். ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டுகிறோமே, அந்த மாதிரிதான். அதை வைத்து யாரும் அண்ணா சாலையில் வண்டியை இறக்க மாட்டோம். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி சட்டத் தடை ஏதும் இல்லாதவருக்கு இந்த உரிமம்கூட கட்டாயமில்லை. ஆகவே பயிற்சி எடுப்பதும் எடுக்காததும் முழுக்க உங்கள் பொறுப்பு.

தொடக்கநிலையாளருக்கு வேண்டியது ‘பிஸ்டல் 1’ போன்ற ஒரு நாள் அடிப்படை வகுப்பு. முதல் நாளிலேயே ஓடிக்கொண்டே சுடுவது, காருக்குள்ளிருந்து சுடுவது என்று விளம்பரம் செய்யும் வகுப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

படி 3: போனில் மூன்று கேள்வி

ஒன்று, எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர்? தொடக்க வகுப்பில் ஐந்தாறு பேருக்கு ஓர் ஆசிரியர் இருந்தால் நிம்மதி. பதினைந்து பேரை ஒருவரே மேய்க்கிறார் என்றால் பணம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு.

இரண்டு, யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வீர்கள்? நல்ல பள்ளியில் இதற்குப் பதில் தயாராக இருக்கும்: முதலுதவி செய்பவர் இன்னார், அவசர எண் 911-ஐ அழைப்பவர் இன்னார், ரேஞ்சின் முகவரி இங்கே எழுதி ஒட்டியிருக்கிறது, ட்ராமா வசதி (பலத்த காயத்துக்கான அவசர சிகிச்சை) உள்ள மருத்துவமனை இன்னது, டூர்னிகே இந்தப் பையில். டூர்னிகே என்பது கை கால் ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. “எங்களிடம் ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் இருக்கிறது” என்று மட்டும் சொன்னால், உள்ளே பேண்ட்எயிட்தான் இருக்கும்.

மூன்று, நான் சேராமல் ஒரு மணி நேரம் பின்னால் நின்று பார்க்கலாமா? இந்த மூன்றாவதுதான் முக்கியம். மறுத்தால் காரணம் கேளுங்கள். இடவசதி, காப்பீடு என்று நியாயமான காரணம் இருக்கலாம். வேறு தேதியாவது தர வேண்டும்.

படி 4: போய் நில்லுங்கள். இலக்கைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள்

காதுக் கவசமும் கண்ணாடியும் இல்லாமல் உள்ளே விடுகிறார்களா என்பதே முதல் மதிப்பெண். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். உள்ளரங்கில் சுவரில் மோதித் திரும்பும். காதுக்குள் ஸ்பாஞ்ச், மேலே மஃப், இரண்டும் போடச் சொல்லும் இடம் உங்கள் காதை மதிக்கிறது.

வகுப்பு பாதுகாப்பு விதிகளோடு தொடங்க வேண்டும். பெரும்பாலும் ஜெஃப் கூப்பர் பெயரால் அறியப்படும் நான்கு விதிகள்தான். 1976-ல் அரிசோனாவின் பால்டனில் இன்று கன்சைட் எனப்படும் பள்ளியைத் தொடங்கியவர் அவர். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நடந்துகொள். அழிந்துவிடக்கூடாது என்று நீ நினைக்கும் எதன் மீதும் முனையைத் திருப்பாதே. இலக்கின் மேல் குறி நிற்கும் வரை விரல் விசையைத் தொடக்கூடாது. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இதை ஆசிரியர் ஒப்பிக்கிறாரா என்பது முக்கியமில்லை. மேசையில் கிடக்கும் துப்பாக்கியை அவரே எடுக்கும்போது அவருடைய ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது? அங்கே தெரிந்துவிடும்.

பிறகு, யாராவது தவறு செய்யும் வரை காத்திருங்கள். தொடக்க வகுப்பில் அதிக நேரம் ஆகாது.

நான் நின்று பார்த்த ஓர் இடத்தில், ஒரு பெண் சுட்டுக்கொண்டிருந்தார். துப்பாக்கி அடைத்துக்கொண்டது. “வேலை செய்யல” என்று சொல்லியபடி துப்பாக்கியோடு அப்படியே பின்னால் திரும்ப முயன்றார். இயல்புதானே, ரிமோட் வேலை செய்யாவிட்டால் திரும்பித்தானே கேட்போம்! தோள் கால்வாசி திரும்புவதற்குள், பின்னால் இருந்த ஆசிரியரின் ஒரு கை அவர் தோளிலும் மறு கை மணிக்கட்டுக்கு அடியிலும் வந்துவிட்டது. முனை இலக்கை விட்டு நகரவே இல்லை. கத்தல் இல்லை. “முன்னாடியே பாருங்க. விரல் வெளியே. இப்ப சொல்லுங்க, என்ன ஆச்சு?” அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப்பின் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அன்றே நான் பணம் கட்டினேன்.

அதற்கு முன் நான் பணம் கட்டி ஏமாந்த இடம் ஒன்று உண்டு. அங்கே என் சட்டைக் காலருக்குள் சூடான காலித் தோட்டா உறை ஒன்று விழுந்தது. சுள்ளென்று சுட, கையில் துப்பாக்கியோடு துள்ளினேன். முனை பக்கத்து ஆளைத் தடவிப் போயிருக்கும். ஆசிரியர் என்ன செய்தார்? சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அன்று மாலை அவரே இலக்குகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, நாங்கள் சுடச்சுட எங்களைப் படம் பிடித்தார். சுடுபவர்களுக்கு முன்னால் யாரும் நிற்கிற இடத்திலிருந்து, கட்டிய பணம் போனாலும் சரி, கிளம்பிவிடுங்கள். (கழுத்து மூடிய சட்டை போட்டுப் போங்கள். அந்தத் தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது.)

படி 5: எப்போது சுடக்கூடாது என்று கேளுங்கள்

தற்காப்பு சொல்லித்தருவதாகச் சொல்லும் பள்ளியில் பாதி நேரமாவது சுடாமல் தப்பிப்பதற்குப் போக வேண்டும் என்பது என் கட்சி: ஆளைக் கவனிப்பது, விலகி நடப்பது, குரல் உயர்த்தி எச்சரிப்பது, மிளகு ஸ்ப்ரே. ஆசிரியரைச் சோதிக்க ஒரு கேள்வி கைவசம் வைத்திருங்கள்: “கத்தியோடு ஒருவன் 21 அடிக்குள் வந்தால் சுடலாமா?”

சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதிய கணக்கு இது. கத்தி வைத்திருப்பவர் சுமார் 1.5 நொடியில் 21 அடியைக் கடந்துவிடுவார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட ஏறக்குறைய அதே நேரம் ஆகும். தூரம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று காட்ட எழுந்த கணக்கை, “21 அடிக்குள் வந்தால் சுடு” என்று சட்டம் போலச் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வகுப்பை நம்பிப் போனால் கோர்ட்டில் நிற்பது நீங்கள். நல்ல ஆசிரியர் எதிர்க்கேள்வி கேட்பார்: அவனால் உயிருக்கு ஆபத்து விளைவிக்க முடியுமா, அதற்கு இப்போதே அவனுக்கு வாய்ப்பு இருக்கிறதா, உண்மையில் தாக்க வருகிறானா? 1981-ல் லீத்தல் ஃபோர்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய மசாத் அயூப் பல ஆண்டுகளாகப் போதிக்கும் மூன்று கேள்விகள் இவை. எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 9-ம் அத்தியாயத்தையும் உங்கள் ஆசிரியர் கையோடு எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

படி 6: சுவரில் தொங்கும் சான்றிதழ்

ராணுவம், ஸ்வாட் (போலீஸின் சிறப்பு ஆயுதப் படை), போட்டிப் பதக்கம் எல்லாம் மரியாதைக்குரியவை. ஆனால் சுடத் தெரிந்தவர் வேறு, சொல்லித்தரத் தெரிந்தவர் வேறு. ஐஐடியில் படித்தவரெல்லாம் நல்ல டியூஷன் வாத்தியாராக இருந்ததில்லை. என்ஆர்ஏ (அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கம்) பயிற்றுநர் சான்று இருந்தால் அடிப்படை நடத்தத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை. நான் கேட்பது ஒன்றே: “நீங்கள் கடைசியாக மாணவராகப் போன வகுப்பு எது, எப்போது?” போன வருடம் இன்னாரிடம் போனேன், இதைத் திருத்திக்கொண்டேன் என்று கண் மலரச் சொல்பவரிடம் சேரலாம். “எனக்கு யார் சொல்லித்தரணும்?” என்பவரிடம் வேண்டாம்.

படி 7: செலவும் சாமானும்

கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். தோட்டா தனி, துப்பாக்கி வாடகை தனி, ரேஞ்ச் கட்டணம் தனி. ஒரு நாள் அடிப்படை வகுப்புக்கு 150, 200 தோட்டா போதும். 500 கேட்டால் எதற்கென்று கேளுங்கள். களைத்த கை கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். கொண்டுவரக் கூடாதவை என்று ஒரு பட்டியல் தருகிறார்களா பாருங்கள். தோளில் மாட்டும் உறை, இடுப்புக்குப் பின்னால் செருகும் உறை ஆகியவற்றைத் தடுத்திருந்தால், அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வார்கள், தோட்டாவின் ஈயத்தூள் ஒட்டியிருக்கும். கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். ஷூவை கராஜிலேயே விடுங்கள். வீட்டில் தோட்டா இல்லாமல் தினம் பத்து நிமிடம் செய்யப் பயிற்சி எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைச் செய்யும் அறைக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.