தொலைநோக்கிக் கருவியைப் பல நிறுவனங்கள் இணைந்து உருவாக்கும் முறை

முதலில், கருவி எந்த அறிவியல் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதை எழுதி, அதிலிருந்து அலைநீள எல்லை, பிரிதிறன் (நெருங்கிய விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறன்), உணர்திறன் (மங்கிய ஒளியையும் உணரும் திறன்) ஆகியவற்றை எண்களாக வரையறுத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பிரிக்கும்போது, ஒரு குழுவின் பகுதி மற்றொன்றைச் சந்திக்கும் இடங்களை, அதாவது திருகுத் துளைகளின் அமைவிடம், மின்னிணைப்பு, வெப்பக் கசிவின் வரம்பு, ஒளிக்கற்றையின் திசை, தரவின் வடிவம் ஆகிய அனைத்தையும், இடைமுக ஆவணத்தில் பதிந்து இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். பொறுமையைக் கோரும் இந்த வேலைதான் என் கணிப்பில் முழுத் திட்டத்திலும் மிக முக்கியமானது.

முழுக் கருவியிலும் அனுமதிக்கத்தக்க மொத்தப் பிழை வரம்பைக் குழுக்களுக்குப் பங்கிட்டு, ஒரு பகுதியைக் கையிருப்பாக வையுங்கள்.

சோதனையை ஒரே கருவியை நம்பி விட்டுவிடாதீர்கள். 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகியிருந்ததால், விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதிகத் தட்டையாகத் தேய்க்கப்பட்டது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும், அவை துல்லியம் குறைந்தவை என ஒதுக்கப்பட்டது மிகவும் வருந்தத்தக்கது. எனவே, முரண்படும் அளவீட்டுக்குக் காரணம் தெரியும்வரை அடுத்த கட்டத்துக்குச் செல்லாதீர்கள். உருவாக்கிய குழுவைச் சேராத ஒருவர் வேறு முறையில் அளக்கட்டும்.

உறுப்புகள் ஒருங்கிணைப்புக் கூடத்துக்கு வந்து சேர்ந்ததும், அனுப்பும் முன் செய்த அதே சோதனைகளை மீண்டும் செய்து, இரு முடிவுகளையும் ஒப்பிட்ட பின்னரே பொருத்துங்கள்.