போலீஸ் கார் ஹெட்லைட்: என் அனுபவம்
போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு ஒரு போலீஸ் கார் வந்தது. ஹெட்லைட் இடம், வலம் என மாறி மாறி மின்ன வேண்டும். இடப்பக்கம் மட்டும் மங்கல். விளக்கை மின்ன வைக்கும் பிளாஷர் பெட்டி ஹைபீமுக்கு (தூரத்து வெளிச்சம்) விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும், லோபீம் (கிட்டத்து வெளிச்சம்) அதன் பாட்டுக்கு எரியும். பின்விளக்கு அப்படியில்லை, பிரேக்கை மிதித்ததும் மினுக்கல் நின்று சிவப்பு நிலையாக எரிய வேண்டும், பின்னால் வருகிறவர் உயிர் அதில் இருக்கிறது.

பெட்டியை மாற்றச் சொன்னார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. லைட் எரியும்போதே எர்த் வயருக்கும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன். 3 வோல்ட்! அரை வோல்ட்கூட வரக்கூடாது, அவ்வளவும் லைட்டுக்குப் போகாமல் வழியிலேயே வீணாகிறது. எர்த் வயர் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்பு. செம்பனைத் தோட்டத்து மண்சாலை, ஓயாத மழை, வேறென்ன ஆகும்? உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினேன், 0.1 காட்டியது. அப்புறம் பிரேக்கையும் மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.