ஆபத்தான விலங்கு வேட்டைக்கு இரட்டைக் குழலா, போல்ட் ஆக்‌ஷனா? தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து தொழில் நிமித்தமாகத் தான்சானியாவுக்கும் ஜாம்பியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றவர்களில் சிலர், அங்கே அரசு அனுமதியோடு நடைபெறும் கேப் எருமை வேட்டைக்குப் போக விரும்புகிறார்கள். எந்த ரைஃபிளை வாங்கலாம் என்று ஊரில் துப்பாக்கி பழகியவர்களிடம் அவர்கள் கேட்பதுண்டு. தாத்தா காலத்து இரட்டைக் குழல் ரைஃபிளை உரிமத்தோடு பாதுகாத்து வரும் பழைய ஜமீன் குடும்பத்தாருக்கும், அதை அங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தலாமா என்ற எண்ணம் வருவதுண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துவிட்டது. கொடைக்கானல் தெருவில் காட்டுமாடு வந்து நின்றாலும், மேகமலைத் தோட்டத்தில் யானை இறங்கினாலும், அதைக் கையாள வேண்டியது வனத்துறை மட்டுமே. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் வேட்டை சட்டப்படி நடக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும் பொருந்தும்.

தவறுகளில் மூத்தது, இரட்டைக் குழலை அதன் பெருமைக்காக வாங்குவது. இரட்டைக் குழல் ரைஃபிள் என்பது, ஒரே கட்டையில் பொருத்தப்பட்ட இரண்டு தனித்தனித் துப்பாக்கிகள். குழல் இரண்டு, விசை இரண்டு, உள்ளிருக்கும் சுடும் பொறியும் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். முதல் தோட்டா வெடித்த பிறகு விரல் அடுத்த விசைக்கு நகர்ந்தால் போதும், இரண்டாவது குண்டு உடனே புறப்பட்டுவிடும். காயம்பட்ட எருமையைத் தேடிப் புதருக்குள் நுழையும் தொழில்முறை வேட்டை வழிகாட்டிக்கு, பத்து பதினைந்து அடித் தொலைவில் அது உயிரைக் காக்கும் வசதி. ஆனால் பணம் கட்டிப் போகும் விருந்தினர் நிற்கும் இடம் வேறு. அவர் பெரும்பாலும் ஐம்பது முதல் நூறு மீட்டர் தொலைவில், தன்னை இன்னும் கவனிக்காத விலங்கை, மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியைச் சாய்த்துக் குறிபார்த்துச் சுடுகிறார். அவருடைய பொறுப்பு முதல் குண்டைச் சரியான இடத்தில் இறக்குவது. போல்ட் ஆக்‌ஷன் என்பது, போல்ட் எனும் கைப்பிடியுள்ள தண்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒற்றைக் குழல் ரைஃபிள். ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்திய அத்தகைய ரைஃபிள் அந்த வேலையைப் பெரும்பாலோர் கையில் இன்னும் நன்றாகவே செய்யும். தான் எங்கே நிற்கப் போகிறோம் என்பதை யோசிக்காமல் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

அடுத்த தவறு, இரண்டு குழல்களும் தாமாகவே ஒரே இடத்தில் சுடும் என்று நம்புவது. பக்கம் பக்கமாக இருக்கும் இரு குழல்களில் வலது குழல் வெடிக்கும்போது துப்பாக்கி வலப்புறமாகவும் மேலாகவும் எம்பும். இடது குழல் வெடிக்கும்போது இடப்புறமாக எம்பும். இதை ஈடுகட்டத்தான், பட்டறையில் சுட்டுப் பார்த்துப் பார்த்து, குழல்களின் முனைகளைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். அப்படி இணக்கப்படுவது குறிப்பிட்ட எடையுள்ள குண்டு, குறிப்பிட்ட வேகத்தில் போகும்போது மட்டுமே பொருந்தும். 500 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குண்டு நொடிக்கு 2,150 அடி வேகத்தில் போகும்படி இணக்கிய .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் (பெருவிலங்கு வேட்டைக்கான தோட்டா வகை; எண் அங்குலத்தில் அதன் தோராயமான விட்டம்) ரைஃபிளில் வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால், குண்டு வெளியேறுவதற்குள் குழல் கூடுதலாக எம்பிவிட, வலது குண்டு வலப்பக்கமும் இடது குண்டு இடப்பக்கமும் விலகிப் போகும். வேகம் கூடினால் இரண்டும் குறுக்கே கடக்கும். எனவே எந்தத் தோட்டாவுக்கு இணக்கியது என்பது தெரியாத ரைஃபிளை, விலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. சோதிக்கும்போது மேசையில் அழுத்தி வைத்துச் சுடுவதும் தவறு. காட்டில் சுடுவதுபோல் நின்றபடி, வலது, இடது என்று அடுத்தடுத்துச் சுட்டு, குழல் ஆறிய பிறகே அடுத்த ஜோடியைச் சுட வேண்டும்.

பழைய ரைஃபிள்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்து வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். ரிக்பி நிறுவனம் 1898இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், பெருவிலங்கு வேட்டையின் போக்கையே மாற்றியது. ஆனால் அந்த விட்டமுள்ள குண்டுகள் கிளர்ச்சிக்காரர்களின் கையிலிருந்த மார்ட்டினி ஹென்றி எனும் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குப் போய்ச் சேரும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, 1907வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 ரகத்தைத் தடுத்தது. அந்தத் தடையைத் தாண்டத்தான் .465, .470 போன்ற அளவுகள் பிறந்தன. இத்தகைய ஒரு ரைஃபிளைக் கையில் எடுத்தால், முதலில் குழல்களைத் தனியே கழற்றி, கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கோயில் மணியைப் போல் கணீரென்று ஒலி நீண்டால், குழல்களுக்கிடையே உள்ள பட்டைகளின் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. மந்தமாக அடங்கினால் எங்கோ விட்டிருக்கிறது. பிறகு குழல்களைப் பொருத்தி மூடி, அவற்றின் பின்முகத்துக்கும் அடைப்பின் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால், தேர்ந்த கைவினைஞர் சரிசெய்யும் வரை அதைச் சுடக் கூடாது. உள்ளே ஈயம் இல்லாமல் ஒரே உலோகத்தில் கடைந்த இன்றைய கெட்டிக் குண்டுகளை, மெல்லிய சுவருள்ள பழைய குழல்களில் சுடுவதும் ஆபத்து. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறம் வெட்டிய வரித்தடம் வெளிப்புறத்தில் புடைத்துத் தெரியும் அளவுக்குச் சேதம் நேரலாம்.

போல்ட் ஆக்‌ஷன் பக்கம் வந்தால், எல்லா போல்ட்டும் ஒன்றுதான் என்ற எண்ணமே பெரிய தவறு. 1898ஆம் ஆண்டின் மவுசர் வடிவமைப்பில், மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் அறை) எழும் தோட்டாவின் விளிம்பை அகன்ற நகம் போன்ற எக்ஸ்ட்ராக்டர் அப்போதே பற்றிக்கொண்டு, சேம்பருக்குள் (வெடிப்பதற்காகத் தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) போய் வெளியே வரும் வரை விடுவதில்லை. தோட்டாவை முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியில் மட்டும் பிடிக்கும் மலிவான அமைப்பில், பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் நிறுத்தி மறுபடி தள்ளினால், முதல் தோட்டா சேம்பரிலேயே நிற்க, இரண்டாவது அதன் முதுகில் முட்டிக்கொள்ளும். எருமை வரும் நேரத்தில் அதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்காது. மவுசர் வகையை வாங்கினாலும், போல்ட்டை முழுதாகப் பின்னால் இழுக்காவிட்டால் காலிக் கூடு வெளியே போகாது, அடுத்த தோட்டாவும் எழாது. இந்தப் பழக்கம் கையில் ஏற ஒரே வழி, துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலேயே போல்ட்டை இயக்குவது. நம் ஊர்ப் பயிற்சிக் களங்களில் .22 சுடுபவர்களில் பலர், ஒவ்வொரு முறையும் கட்டையை இறக்கி, இலக்குத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டைத் தொடுகிறார்கள். இலக்குப் போட்டிக்கு அதில் குறையில்லை, ஆனால் எருமை வேட்டைக்குப் போகிறவர் அந்தப் பழக்கத்தை உதற வேண்டும். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே வகைத் தோட்டாவை, முனை தட்டையான கெட்டிக் குண்டு உட்பட, மேகசின் நிறைய இட்டு, பாதுகாப்பான களத்தில் வேகமாக இயக்கிப் பார்க்காமல் புறப்படக் கூடாது.

பெரிய அளவுதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் பலரைக் கெடுத்திருக்கிறது. 1912இல் வந்த .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம், 300 கிரெய்ன் குண்டை நொடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் அனுப்புகிறது. பல ஆப்பிரிக்க நாடுகளில் எருமைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு இதுவோ இதற்கு ஒட்டியதோதான். இதன் உதைப்பைப் பெரும்பாலோர் பழகிக்கொள்ளலாம். .458 அல்லது .470 அளவுக்கு நேராகத் தாவுகிறவர், விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்குவார். நண்பர் ஒருவரைத் தோட்டாக்களுக்கு நடுவே, நீங்கள் அறியாதபடி, ஒரு போலித் தோட்டாவைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது வெடிக்காதபோது குழல்முனை கீழே குதித்தால், அந்த அளவு உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இரட்டைக் குழலையே விரும்புகிறவர் சேஃப்டியை, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டை, பார்த்து வாங்க வேண்டும். திறந்து மூடும்போதெல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும் சேஃப்டி பறவை வேட்டைக்கு நல்லது. எருமைக்கு முன் அவசரமாக மறுதோட்டா இட்டவர், அது பூட்டியிருப்பதை மறந்து விசையை இழுத்துக்கொண்டு நிற்பார். ஒரு குழலின் அதிர்ச்சியில் மற்றதும் சேர்ந்து வெடிக்கும் கோளாறும் உண்டு. அறிமுகமில்லாத ரைஃபிளை முதலில் ஒரு குழலில் மட்டும் தோட்டா இட்டுச் சுட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல், ஸ்கோப் இல்லாத ரைஃபிளின் குழல் மேலுள்ள திறந்த குறிகள் மங்கலாகத் தெரிவது இயல்பு. அந்தி வெளிச்சத்தில் சிறுத்தையைச் சுட வேண்டியிருந்தால், ஸ்கோப் இல்லாத இரட்டைக் குழல் பொருத்தமே இல்லை.

தோட்டா எங்கே கிடைக்கும் என்பதைக் கடைசியில் யோசிப்பது வழக்கமாகிவிட்டது. அதை முதலிலேயே யோசிக்க வேண்டும். விமானத்தில் ஒரு பயணிக்குப் பொதுவாக 5 கிலோ தோட்டாதான் அனுமதி, அதுவும் துப்பாக்கியிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். பெட்டி வழியில் தவறினால், .375 தோட்டாவை முகாமில் யாரிடமாவது கேட்டு வாங்கிவிடலாம். .470 கிடைத்தாலும்கூட, உங்கள் குழல்கள் இணக்கப்பட்ட அதே தோட்டாவாக அது இருப்பது அரிது.